எந்தச் செடியில வெட்டினீங்க, அக்கா?

போன வாரம் பீன்ஸ் பாத்திக்கு நடுவில், ஆளுக்கொரு திசையில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்ற இந்த வீட்டுச் சின்ன மருமகளையும் அவள் புருஷனையும் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறார்கள். முதலில் அவர்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவோம்.

"சனிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்குள்ள உன் இலைத்தண்ணி இந்த அசுவினிப் பூச்சியைக் கொல்லலைன்னா, கடை மருந்தை வாங்கி நானே அடிச்சுக்கறேன்" என்று அவன் சொன்னதுதான் சண்டை.

வேறு வீட்டில் இது ஒரு பேச்சே இல்லை. இந்த வீட்டில் இடி. கல்யாணமான புதிதில் அவன் கூலிக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போனவன். முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல், "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தோட்டம் தோட்டமாகத் திரிந்தவன். ஒரு சாயங்காலம் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை உதறியது. பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் வழிந்தது. அப்போது மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் நொடியில் விஷயத்தைப் புரிந்துகொண்டு அவனை ஆஸ்பத்திரிக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். இல்லாவிட்டால் இந்தக் கதையில் அவனே இருந்திருக்க மாட்டான்.

அன்றைக்கு எடுத்த முடிவுதான். அந்த மருந்து இனி இந்த மனுஷன் மேல் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. அதற்குத்தான் பெருங்கொழிஞ்சி.

பெருங்கொழிஞ்சி ஒரு பயறு வகைச் செடி. ஆள் உயரத்துக்கு மேலே வளரும், வெள்ளை வெளேரென்று பூக்கும், காயைத் தொட்டால் வெல்வெட் துணி. இலையை இடித்து ஊறவைத்து, வடிகட்டி, ஒட்டிக்கொள்ள ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் பூச்சி சாகும். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அச்சு அசலாக ஒரே மாதிரி நிற்கும் செடிகளில் சிலவற்றின் இலையில்தான் அந்த வீரியம் உண்டு. மற்றதெல்லாம் வெறும் தழை. பார்த்துச் சொல்லக் கடவுளாலும் ஆகாது.

சின்னவள் முதலில் வளர்த்த வரிசை முழுக்க வெறும் தழை. அதைத் தெளித்தபோது அசுவினிகள் குளித்துவிட்டு உட்கார்ந்தமாதிரி உட்கார்ந்திருந்தன. வீடே சிரித்தது. அவள் அசரவில்லை. எங்கெங்கோ எழுதிக் கேட்டு வேறு விதை வரவழைத்தாள், மறுபடி ஒரு வரிசை வளர்த்தாள். இப்போது ஒவ்வொரு செடியிலும் இலை பறித்துத் தனித்தனி ஜாடியில் ஊறவைத்து, பூச்சி மொய்த்த கொடியை அதில் முக்கி முக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாதி வரிசை முடிந்துவிட்டது. இதுவரை ஒரு பூச்சிகூடச் சாகவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. நாளை சனி. இதுதான் நிலவரம்.

இனி மூத்த மருமகள், நம் பெரியவளிடம் வருவோம். இந்த வார வம்பெல்லாம் அவளோடுதான்.

பெரியவளுக்குக் கை சுத்தம், மனசு சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். ஓரகத்திக்கு அவள் வைத்திருக்கும் பெயர் "மருந்துக்கடை." நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவாள். சின்னவள் எதையாவது விளக்க ஆரம்பித்தால் போதும், "ஆரம்பிச்சுட்டாப்பா பாடம்" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். இந்தச் செடியைப் பற்றிச் சின்னவள் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்ன அன்றைக்கும் அப்படித்தான் பாதியில் எழுந்துபோனாள். காதில் விழுந்த ஒரே வரி, "இந்த மருந்துத் தண்ணி குட்டைப் பக்கம் போகவே கூடாது" என்பது. சோப்புக் கலக்கிறாளே, அதனால்தான் போலிருக்கிறது என்று பெரியவள் தானே ஓர் அர்த்தம் செய்துகொண்டாள்.

குட்டை அவள் புருஷனுடையது, அவர்தான் வீட்டில் மூத்தவர். மனுஷர் மீன் வளர்க்கிறார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். மீன்களோடு குடித்தனம் நடத்துகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு குட்டைகள். பெரிய குட்டையில் விற்பனைக்கான மீன். வீட்டை ஒட்டிய சின்னக் குட்டையில் முட்டையிடும் தாய்க் கெண்டைகள். அதில் மூத்ததற்கு "மகாராணி" என்று பெயர். "மகாராணி சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் தட்டில் கை வைப்பார். கட்டின பெண்டாட்டியை அப்படி ஒருநாள் கேட்டதுண்டா என்றால், அதைக் கிளறாமல் இருப்பது நல்லது.

தாய்மீன்களுக்குச் சாயங்காலத் தீனி பெரியவள் வேலை. தழையைப் பொடிப்பொடியாக அரிந்து, தவிட்டோடு சேர்த்து உரலில் இடித்து, உருண்டை பிடித்து, குட்டையில் மிதக்கும் மூங்கில் சட்டத்துக்குள் போடுவாள். பயறு வகைத் தழை என்றால் மீனுக்குச் சத்து. அது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

நேற்றுச் சாயங்காலம் கோழிக்கூண்டுக்குப் போகிற வழியில் அந்தப் பெருங்கொழிஞ்சிக் கிளை அவள் கண்ணில் குத்தியது. வரிசையின் கடைசிப் பக்கம், பாதையில் சாய்ந்து வளர்ந்திருந்தது. "வழியில நின்னுக்கிட்டு வம்பா பண்றே?" என்று செடியையே திட்டி, அரிவாளால் நாலு கிளையைச் சீவித் தள்ளினாள். கீழே கிடந்ததைப் பார்த்தாள். பசேலென்று, தளதளவென்று இருந்தது. பயறு வகை வேறு. எதற்கு வீணாக்குவானேன்?

மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அவள்தான் ஊகிக்கவில்லை.

விடிந்தும் விடியாததுமாகக் குட்டைப் பக்கமிருந்து ஒரு சத்தம். "ஐயோ, மகாராணி!"

பெரியவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். சின்னக் குட்டை முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சிலது ஒருக்களித்து மிதந்தன. சிலது போதை ஏறினமாதிரி கரையில் முட்டி முட்டித் திரும்பின. புருஷன் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்.

"காத்து பத்தலையோ என்னவோ! மோட்டாரைப் போடு! சீக்கிரம்!"

மோட்டார் போட்டாயிற்று. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மீன்கள் தெளியவில்லை.

"நேத்து சாயந்தரம் என்ன போட்ட?" என்றார் அவர்.

"வழக்கமாப் போடறதுதான். தவிடும் தழையும்."

சொன்ன பிறகுதான் பெரியவள் கண் மூங்கில் சட்டத்துக்குப் போனது. தின்றது போக மிச்சம் ஒரு பச்சை உருண்டை, பாதி கரைந்து, மிதந்துகொண்டிருந்தது. சின்னவள் சொன்னது ஞாபகம் வந்தது. மருந்துத் தண்ணி குட்டைப் பக்கம் போகக் கூடாது. சோப்பு இல்லை, இலை. இலையே விஷம்.

அப்புறம் அவள் கை செய்த காரியத்துக்கு அவள் மனசைக் கேட்டால் பதில் கிடையாது. பக்கத்தில் கிடந்த கைவலையை எடுத்து, அந்த உருண்டையை அள்ளி, யாரும் பார்ப்பதற்குள் வேலியோரக் குப்பைக்குழியில் தள்ளிவிட்டாள்.

அதற்குள் சின்னவள் வந்துவிட்டாள். தலையைக்கூட முடியவில்லை. கரையில் மண்டியிட்டு ஒரு மீனைக் கையில் எடுத்து, செவுளைத் திறந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"மாமா, இது காத்துப் பத்தாம வந்ததில்ல. பெருங்கொழிஞ்சி பட்டா மீனு இப்படித்தான் ஆகும்."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு என்ன பைத்தியமா? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே! வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"உன் செடியா?" என்றார் மூத்தவர். குரல் எழும்பவில்லை. "உன் செடியாம்மா?"

"எப்படி வந்துச்சுன்னு தெரியல மாமா. நான் ஜாடியெல்லாம் தோட்டத்துக் கோடியில குழி வெட்டித்தான் கொட்டறேன். அதுவுமில்லாம, என் இலைத்தண்ணியில ஒரு அசுவினிகூடச் சாகல, மீன் எப்படிச் சாகும்? அதை அப்புறம் பாப்போம். இப்ப மீனைத் தூக்குங்க. நல்ல தண்ணியில விட்டா முக்கால்வாசி பொழைச்சுக்கும்."

அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பெண் செய்த வேலை இருக்கிறதே, அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, பெரிய குட்டைக்குப் போற மடையை அடைங்க! மண்ணுச் சாக்கை வச்சு மிதிங்க. ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகக் கூடாது." பெரியவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரகத்தி சொன்னதை எதிர்ப்பேச்சில்லாமல் செய்தாள். சாக்கை இழுத்துவந்து, மடையில் திணித்து, மேலே ஏறி மிதித்தாள். மண்வெட்டியால் சேற்றை வாரி வாரி அப்பினாள்.

சிமென்ட் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் நிறைந்தது. மூத்தவர் வலையை வீச, சின்னவள் மீன்களை ஒவ்வொன்றாக ஈரச்சாக்கில் பொதிந்து தூக்கிக்கொண்டு ஓடினாள். தொட்டியில் விட்டதோடு போகவில்லை. மயங்கின மீனை வாய்ப்பக்கமாகப் பிடித்து, குழாய்த் தண்ணீர் செவுளுக்குள் ஓடுகிறமாதிரி முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தாள். "வா, வா, மூச்சை விடு, வாடி என் தங்கமே" என்று பேச்சு வேறு. முதல் மீன் வாலைச் சுழற்றி அவள் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு உள்ளே போனபோது, மூத்தவர் சின்னப்பிள்ளை மாதிரி "போயிட்டா, போயிட்டா!" என்று கத்தினார்.

மீனையெல்லாம் எடுத்த பிறகு அவள் கேட்டாள். "மாமா, மீனுக்குப் புண்ணு வந்தா போடுவீங்களே, அந்த ஊதாத்தூள், பர்மாங்கனேட், எவ்வளவு இருக்கு?"

"அது எதுக்கு?"

"குட்டைத் தண்ணியில கலந்தா இந்த விஷம் முறிஞ்சிடும். மீனு உள்ள இருக்கறப்ப அவ்வளவு போட்டா மீனுக்கே ஆபத்து. அதான் இப்பக் கேக்கறேன்."

குட்டையின் நீள அகலத்தை அடி போட்டு அளந்தாள், ஆழத்தைக் கழியால் பார்த்தாள், உள்ளங்கையில் விரலால் கணக்குப் போட்டாள், தராசில் நிறுத்தாள். மருந்துக்கடையில் பழகின கை அல்லவா, ஒரு சிட்டிகை கூடிவிட்டதென்று திருப்பி எடுத்து வைத்தாள். சின்னக் குட்டை ஊதாவாக மாறி, கொஞ்ச நேரத்தில் பழுப்பானது. பெரிய குட்டையில் ஒரு மீனுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

மடையில் சேற்றோடு நின்றுகொண்டிருந்த பெரியவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமைதான். நம் வீட்டுப் பெண் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. உடனே நெஞ்சில் முள் குத்தியது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு. வாயைத் திறந்தாள்.

"என்ன அக்கா?"

"ஒண்ணுமில்ல. உன் தலையில பாசி."

மகாராணி மட்டும் தெளியவில்லை. எல்லோரையும் முந்திக்கொண்டு தின்பவள் அவள்தான். மூத்தவர் அவளைத் தொட்டித் தண்ணீரில் மடியில் போட்டுக்கொண்டமாதிரி வைத்துக்கொண்டு, சின்னவள் காட்டிக்கொடுத்தபடியே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. கஞ்சி ஆறி அவலாகிப் போனது. யாரும் கூப்பிடத் துணியவில்லை.

உச்சி வேளைக்கு அவர் எழுந்தார். மகாராணியை ஈரத்துண்டில் சுற்றிக் கீழே வைத்தார். நேரே கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தார்.

"மாமா."

"தடுக்காதம்மா. உன்னைத் திட்ட எனக்கு வாய் வரல. நீ இல்லைன்னா மத்ததும் செத்திருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனா அந்தச் செடியும் இந்தக் குட்டையும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது."

சின்னவள் வழியை மறிக்கவில்லை. "சரி மாமா. உங்க மீனு, உங்க நியாயம். பிடுங்கறதுக்கு முன்னால ஒவ்வொண்ணுலயும் ஒரு பிடி இலை மட்டும் பறிச்சுக்கட்டுமா? அந்தப் பக்கத்துச் செடியெல்லாம் நான் இன்னும் பாக்கவே இல்ல."

"ஒரு இலைகூட வேண்டாம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தாள். ரோஷக்காரி, கண்ணில் தண்ணீரைக் காட்டவில்லை. தோட்டத்தில் தொப், தொப்பென்று கடப்பாரை விழும் சத்தம். ஒவ்வொரு சத்தமும் சமையற்கட்டில் நின்ற பெரியவளுக்குக் கேட்டது.

மனசுக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது. சொன்னால் என்ன ஆகும்? புருஷன் ஜன்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். மகாராணியைக் கொன்றது பெண்டாட்டி கை உருண்டை என்று தெரிந்தால், அந்த மனுஷன் இனி இவள் கையால் ஒரு வாய் சாப்பிடுவாரா? சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. செடி போகும். போனால் போகட்டும், செடிதானே. நாளைக்குக் கொழுந்தன் கடை மருந்து வாங்கி வருவான். அடிப்பான். அவ்வளவுதானே?

அவ்வளவுதானா? டீ கிளாஸ் உதறிய அந்தக் கை அவள் கண்முன் வந்தது.

அப்போதுதான் சின்னவள் உள்ளே வந்தாள். கையில் ஒரு தட்டு.

"அக்கா, காலையிலேருந்து நீங்க பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. சாப்பிடுங்க."

"பசிக்கல."

"எனக்குத் தெரியும். கோவமா இருக்கீங்க." அவள் தட்டை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "எப்படிப் போச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், பிடிபடல. எங்கயோ நான்தான் கவனக்குறைவா இருந்திருக்கேன். நீங்க உருட்டி உருட்டிப் போட்டு வளத்த மீனு. என்னை மன்னிச்சிடுங்க அக்கா."

பெரியவளுக்கு இதற்கு மேல் தாங்குமா? அடிப்பாவி, நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாயா?

தோட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். வரிசை இருந்த இடத்தில் குழிகள். பிடுங்கிய செடிகளெல்லாம் ஒரு குவியல். புருஷன் ஒரு கையில் மண்ணெண்ணெய் டப்பா, மறு கையில் தீப்பெட்டி.

பெரியவள் ஓடினாள். புடவை தடுக்கியது, தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவர் தீக்குச்சியை எடுப்பதற்குள் போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கினாள்.

"ஏய், என்ன பண்றே?"

"நான்தாங்க போட்டேன்."

"என்னத்த?"

"இந்தத் தழையை. நேத்து சாயந்தரம். வழியில நின்னுச்சுன்னு வெட்டினேன், தவிட்டோட இடிச்சு உருண்டை பிடிச்சுப் போட்டேன். விஷம்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. அவ சொன்னப்ப நான் காது கொடுத்துக் கேக்கல. காலையில மிச்ச உருண்டையைப் பாத்தேன். எடுத்துக் குப்பைக்குழியில போட்டு மறைச்சேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. மகாராணியைக் கொன்னது நான்தான்."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மூத்தவர் பேயறைந்தமாதிரி நின்றார். "காலையில கேட்டேனே" என்றார் கடைசியில். "என்ன போட்டன்னு கேட்டேனே உன்னை."

"பயந்துட்டேங்க."

பின்னாலேயே ஓடிவந்திருந்த சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது திட்டுவாள், திட்டட்டும், நாலு அறை அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று பெரியவள் தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

சின்னவள் அவள் எதிரே மண்டியிட்டாள். இரண்டு தோளையும் பிடித்தாள். அந்த முகத்தில் கோபத்தைத் தேடிய பெரியவளுக்கு ஒரு துளிகூட அகப்படவில்லை. கண் இரண்டும் பளபளவென்று இருந்தன.

"எந்தச் செடியில வெட்டினீங்க, அக்கா?"

"என்னது?"

"எந்தச் செடி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரே செடியா, ரெண்டு மூணு செடியா?"

"ஒண்ணுதான். வழியில சாஞ்சு நின்னுச்சே, அது. கோழிக்கூண்டுப் பக்கம்."

"புரியலையா மாமா?" சின்னவள் மூத்தவர் பக்கம் திரும்பினாள். "நாலு கிளை, ஒரு குட்டை மீனையே சாய்ச்சிருக்கு! அந்தச் செடியில வீரியம் இருக்கு மாமா. நான் தேடித் தேடி அலைஞ்சது அந்தச் செடியைத்தான்!"

மூவரும் குவியலைப் பார்த்தார்கள். அத்தனையும் ஒரே இலை, ஒரே பூ, ஒரே காய். இதில் எது அது?

"வெட்டுக்காயம் இருக்கும்" என்றாள் பெரியவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அரிவாளால சீவினேன். சாய்வா வெட்டியிருக்கும். என் வெட்டு எனக்குத் தெரியும்."

குவியலுக்குள் கையை விட்டாள். சின்னவளும் விட்டாள். மூத்தவரும் மண்ணெண்ணெய் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு செடியாக இழுத்து, அடியிலிருந்து நுனிவரை தடவித் தடவிப் பார்த்துப் பக்கத்தில் அடுக்கினார்கள்.

பெரியவள்தான் கண்டுபிடித்தாள். குவியலின் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது. அவர் முதலில் பிடுங்கியது கோழிக்கூண்டுப் பக்கத்திலிருந்துதானே! நாலு கிளையிலும் சாய்வான வெட்டு. இலைகள் துவண்டு தொங்கின. காய்கள் இன்னும் பச்சை.

சின்னவள் வேரைத் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. ஆணிவேர் பாதியில் முறிந்திருந்தது.

"விதை எடுக்கலாமா?" என்றார் மூத்தவர்.

"காய் முத்தல மாமா. இதைப் போட்டா முளைக்காது. இன்னும் ஒரு மாசமாவது செடி உசிரோட இருக்கணும்."

"ஆணிவேர் போனா?"

அவள் எழுந்து வேலையைப் பார்த்தாள். அழுது நேரத்தைப் போக்குகிற ஜாதி இல்லை அவள். கத்தரிக்கோல் கொண்டுவந்து, காய்கள் இருந்த இரண்டு கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இலைகளையெல்லாம் நறுக்கினாள். "வேர் கொஞ்சம்தான் இருக்கு. அத்தனை இலைக்கும் அது எப்படித் தண்ணி கொடுக்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நறுக்கிய இலைகளில் ஒன்றைக்கூட வீணாக்கவில்லை, எல்லாவற்றையும் மூடி போட்ட வாளியில் சேர்த்தாள்.

மூத்தவர் பழைய குழியை ஆழப்படுத்தினார். அவரே செடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு முன் இதே கையால் வேரோடு சாய்த்தவர், இப்போது மகாராணியைப் பிடித்திருந்த அதே பதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியவள் மண்ணைத் தள்ளித் தள்ளி அழுத்தினாள். இரண்டு பக்கமும் கழி நட்டு, மேலே ஈரச்சாக்கைப் போட்டு நிழல் கட்டினார்கள்.

"பொழைக்குமாம்மா?" என்று கேட்டார் அவர்.

"தெரியல மாமா." சின்னவள் அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "மகாராணி உசிரைக் கொடுத்துக் காட்டின செடி. பொழைக்கணும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகிறபோக்கில் பெண்டாட்டியைப் பார்க்காமலே, "குப்பைக்குழியில போட்டியே, அதைக் கோழி கொத்தறதுக்குள்ள மண்ணைப் போட்டு மூடு" என்றார். அதில் கோபம் இருந்தது. ஆனால் பேசிவிட்டார். பெரியவளுக்கு அது போதும், இன்றைக்கு அது போதும்.

குழியை மூடிவிட்டு வந்தபோது சின்னவள் வாளியோடு உரலடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்த இலையை இப்போதே இடித்து ஊறவைத்தால், வெயில் தாழ்ந்ததும் ஒரு பாத்திக்காவது தெளிக்கலாம். வெயில் பட்டால் இதற்கு வேகம் போய்விடுமாம். விடியுமுன்னே சந்தைக்குப் போன அவள் புருஷன் திரும்புகிற நேரமும் அதுதான். நாளைக் காலையில் அந்தப் பாத்தியில் அசுவினி உதிர்ந்து கிடக்குமா, இல்லை குளித்துவிட்டு உட்கார்ந்திருக்குமா? மீனுக்கு ஆனது பூச்சிக்கும் ஆகுமா? அவளுக்கே தெரியாது.

பெரியவள் பின்னாலேயே போனாள். உலக்கையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"முகத்துல துணி கட்டிக்கோங்க அக்கா. கையுறையும் போட்டுக்கணும். பூச்சிக்கு விஷம்னா நமக்கு மட்டும் சர்க்கரையா? இதுல என்னன்னா..." சின்னவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "சரி விடுங்க. நான் ஆரம்பிச்சா பாடம்னு சொல்வீங்க."

பெரியவள் துணியை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டினாள். உரலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து சொல்லு" என்றாள். "ஒரு வார்த்தை விடாம சொல்லு."